மூத்தவள் படத்தைச் சேமித்த விதம்

படத்தைச் சேமிக்கும்போது திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் எழும்பி வரும். எந்த வகையில் சேமிக்கட்டும் என்று முதலில் கேட்கும். ஜேபெக் என்று சொன்னால், தரம் எவ்வளவு வேண்டும் என்று அடுத்துக் கேட்கும். ஒன்றிலிருந்து பத்துவரை நகர்த்திக்கொள்ள ஒரு கோடு இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மே மாதம் முழுக்க, தச்சநல்லூரில் என் மாமனார் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்துக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஐந்து மாதம். அந்த வீட்டில் என் விருப்பத்தைக் கேட்ட ஒரே ஆள் அந்தக் கட்டம்தான் என்று எனக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். சிரிக்காமல் வேறென்ன செய்ய?

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறக்கிற அன்று போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வீட்லயே கம்ப்யூட்டர் இருக்கு. வெளிய போயி என்னத்துக்கு அலையணும்?" கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் பெங்களூரில் இருந்த கொழுந்தன் வாங்கி அனுப்பியவை. தூத்துக்குடியில் வேலை பார்த்த என் கணவர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பேச்சை எடுத்தால், "அப்பாட்ட நீயே கேட்டுக்கோ" என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அடேயப்பா, அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட எத்தனை தடவை கை துடித்திருக்கிறது!

இந்த நேரத்தில்தான் வீட்டு ஆல்பங்களில் செல் ஏறியது. ஆவணியில் கொழுந்தனுக்குக் கல்யாணம், அதற்குள் வீட்டை வெள்ளையடிக்க வேண்டும், செல்லரித்த சாமானை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மாமா என்னைக் கூப்பிட்டார். "முதல்ல இந்தப் படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி முடி. முடிச்சா வேலைக்கு அனுப்புதேன்." ஏற்றி முடித்த படங்களை என்ன செய்வது என்பதிலும் அவருக்குக் குழப்பமே இல்லை. பழைய சாமி படங்களை ஆற்றில் விடுவது அந்த வீட்டு வழக்கம். "பெரியவங்க இருக்க படத்தக் குப்பையிலயா போட முடியும்? ஆத்துலதான் விடணும்." அவர் கணக்கில், கம்ப்யூட்டருக்குள் ஏறிய படம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. விட்டுப் போன கூட்டை மரியாதையாக வழியனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

முந்நூற்றுச் சொச்சம் படங்கள். தூசி வரும் என்று ஜன்னலை அடைத்துவிடுவோம். படம் பறக்கும் என்று காற்றாடியும் கிடையாது. மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பிளேடால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, இது இன்னார், இவர் இன்னாருக்குச் சம்பந்தி என்று சொல்லி என்னிடம் நீட்டுவார். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, "எங்கன போற?" என்பார். முதுகில் வேர்வை ஊறிப் போய், வாசல் பக்கம் பஸ் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த பஸ் பாளையங்கோட்டைக்குப் போகிறதோ இல்லையோ, எனக்கு எல்லாம் பாளையங்கோட்டை பஸ்ஸாகத்தான் கேட்டது.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். எல்லாவற்றையும் டிஃப் வகையில் சேமித்தேன். டிஃப், படத்தில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அது யானைப் பாரம். ஒரு படம் ஏறி முடிய இருபது நிமிஷம். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நாற்பதுகூடத் தேறவில்லை, கம்ப்யூட்டரில் இடமும் குறைந்துகொண்டே வந்தது. இந்த வேகத்தில் போனால் ஆடி பிறந்துவிடும். ஜேபெக் என்றால் சட்டென்று முடியும். அது படத்தை அமுக்கிச் சுருக்கும், கண்ணுக்குத் தெரியாது என்று தனக்குத் தோன்றுவதையெல்லாம் தூக்கி எறிந்துவிடும். கோட்டை எவ்வளவு கீழே இழுக்கிறோமோ அவ்வளவு எறியும். படித்தவள் நான், எனக்கு இது நன்றாகவே தெரியும்.

மோர் கொண்டுவந்த அத்தை என் முகத்தைப் பார்த்தார். என் மாமியார் அதிகம் பேசாதவர். மாமா சாப்பிடப் போன சமயம் பார்த்து, "எப்பம்மா முடியும்?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வகையில் லேட்டாகும், இன்னொரு வகையில் சீக்கிரம் முடியும் என்று மட்டும். எறிகிற சமாச்சாரத்தைச் சொல்லவில்லை. "எது சீக்கிரம் முடியுமோ அதுலயே போடும்மா. பள்ளிக்கூடம் தொறந்துருமே" என்றார். அன்றைக்குக் கோட்டை இழுத்து மூன்றில் நிறுத்தினேன்.

கடைசி நாள் அந்தப் படம் வந்தது. பதினோரு பேர் சேர்ந்து எடுத்தது. நடுவில் இளவயது அத்தை, மடியில் ஒரு குழந்தை. குழந்தையின் முகம் மிளகு அளவுதான் இருக்கும். "இது மூத்தவ. மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அவ இருக்கது இந்த ஒரு படந்தான்" என்று சொல்லிவிட்டு, மாமா அடுத்த படத்தைப் பெயர்க்கப் போய்விட்டார். நிலைப்படியில் அத்தை முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு நின்றார், ஆய்கிற கை நின்றிருந்தது. இது ஒன்றையாவது டிஃப்பில் போடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இருபது நிமிஷம். ஆனால் கரண்ட் போகிற நேரம் நெருங்கியிருந்தது, இன்னும் பன்னிரண்டு படம் பாக்கி, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. மூன்றிலேயே அமுக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் படங்களை மஞ்சள் துணியில் கட்டி, சிந்துபூந்துறைக்குக் கொண்டுபோனார்கள். படித்துறையில் இறங்கி ஆற்றில் விட்டது அத்தைதானாம். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "அதான் உள்ள பத்திரமா இருக்குல்லா" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். மாமா தன் வார்த்தையை விழுங்கப் பார்த்தபோது, "முடிச்சா அனுப்புதேன்னுதான சொன்னிய?" என்று எனக்காக நின்றவரும் அவர்தான். திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மூத்தவ மூஞ்சிய மட்டும் பெரிசாக் காட்டுதியாம்மா? பிரிண்டு போட்டு மாட்டலாம்னு பாக்கேன்." படத்தைத் திறந்தேன், பதினோரு பேரும் நன்றாகத்தான் தெரிந்தார்கள். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். மடியில் குழந்தை இருந்த இடத்தில் ஏழெட்டுச் சாம்பல் சதுரங்கள். கண் இல்லை, வாய் இல்லை. அத்தை முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"செல்லரிச்சிருந்துது அத்தே. அந்த இடத்துல மட்டும்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"இல்லியே, ஆத்துல விடும்போதுகூட எடுத்துப் பாத்தேனே. நல்லாத்தான இருந்தா" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "வெயிலு கண்ணக் கூசிச்சு. நான்தான் சரியாப் பாக்கல போல" என்று எழுந்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எந்தச் சேலை உடுத்தப் போற? எடுத்து வை, தேச்சுத் தாரேன்."

தேய்த்தும் கொடுத்தார். அடுத்த நாள் அதைத்தான் உடுத்திக்கொண்டு போனேன். அத்தை போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. நான் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். அந்த அறையிலிருந்து வெளியே வந்துவிட்டதாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. அத்தைக்கு அன்றே தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்து, செல் அரிக்கவில்லை அத்தே, நான்தான் என்று அவர் இருக்கும்போது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.