முகத்தை நீக்கவா?

கதை விடுகிறேன் என்று தோன்றினால் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் இன்றைக்கும் காலையில் எழுந்து, மகளுக்குத் தலை வாரிவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போய்த்தான் வருகிறாள். அந்தப் போனும் அவள் கைப்பையில்தான் கிடக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். அது இப்போது யார் முகத்தைப் பார்த்தும் திறப்பதில்லை.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பெயர் ‘பவுடர்’. இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, வீட்டார் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்குத் தயார் செய்து கொடுக்கும் நிலையம் அது. முகம் திருத்துவது அவள் பொறுப்பு. அங்கே பிணம் என்ற பேச்சே கிடையாது. ‘விருந்தாளி’ என்பார்கள். வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன் வைத்த பெயர். “சாப்பாடு கேக்க மாட்டாங்க, சண்டை போட மாட்டாங்க. இவங்கள விட நல்ல விருந்தாளி உனக்கு எங்க கிடைப்பாங்க?” என்பார்.

மகள் குட்டிக்கு ஏழு வயது. அம்மா கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாள் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தாள் பவுடர். கணவனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் அம்மாவும் பெண்ணும் மட்டும். பள்ளி விட்டு வந்ததும் குட்டிக்குப் போன் வேண்டும். அங்கேதான் பவுடருக்குப் பயம்.

ஏனென்றால் அந்தப் போனில் படங்கள் இருந்தன. ஒவ்வொரு விருந்தாளிக்கும் இரண்டு படம். வந்த கோலத்தில் ஒன்று, திருத்தி முடித்த பிறகு ஒன்று. நிலையத்தில் அப்படித்தான் கேட்பார்கள். இரண்டாவது படத்தைப் பார்த்தால் தூங்குகிறார்கள் என்று நினைக்கலாம். முதல் படத்தை... பெரியவர்களே பார்க்கக் கூடாது. விபத்து, தீ, தண்ணீர். எல்லாம் இருந்தது அதில்.

அதற்காகத்தான் முகப்பூட்டு. பவுடரின் முகத்தைக் கண்டால் போன் ‘டிக்’ என்று திறக்கும். மற்றவர்களுக்கு அசையாது. குட்டி போனைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னாலேயே சுற்றுவாள். அம்மா விளையாட்டை மட்டும் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடியது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த விருந்தாளி வந்தாள்.

பவுடரின் வயதுதான் இருக்கும். தூக்கத்திலேயே போய்விட்டாளாம். அதே அகல நெற்றி, அதே கூர் மோவாய். வண்டியிலிருந்து இறக்கும்போதே டிரைவர் அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

“என்ன பவுடரு, உன் அக்காவா? சொல்லவே இல்ல?”

“போங்கண்ணே. காலங்காத்தால விளையாடாதீங்க.”

“அட, கண்ணாடி பாத்த மாதிரி இருக்குன்னு சொன்னேன். தப்பா?”

பவுடர் சிரித்தாள். ஆனால் வேலையில் கை வைத்தபோது ஏதோ கூசியது. தன் முகத்துக்குத் தானே பூசுவது போல.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். விருந்தாளியின் தலைமாட்டில் நின்றுகொள்வாள். உயிரோடு இருந்தபோது எடுத்த படத்தை வீட்டார் அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நிறம் சேர்க்க வேண்டும். வளையும் கம்பி ஒன்றில் போனைச் செருகி, விருந்தாளியின் நெஞ்சுக்கு மேலே, தன்னைப் பார்க்கிற மாதிரி நிறுத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் போன் பூட்டிக்கொள்ளும். பவுடர் முகக்கவசம் போட்டிருப்பதால் அவள் முகம் அதற்குப் பிடிபடாது. ஒவ்வொரு முறையும் கையை நீட்டி ஆறு எண்களை அழுத்துவாள்.

அன்றைக்கும் அழுத்தினாள். பூட்டியது. அழுத்தினாள். பூட்டியது. ஏழெட்டுத் தடவை. எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, கையை நீட்டினாள்... அழுத்துவதற்கு முன்னால்...

‘டிக்.’

தானாகத் திறந்தது.

கவசத்தோடு என் முகத்தைக் கற்றுக்கொண்டது போல, கெட்டிக்காரப் போன் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் வெளியே அவசரப்படுத்தினார்கள். அஞ்சலி மண்டபத்தில் வீட்டார் காத்திருக்கிறார்களாம். பெட்டியை மூடி எடுத்துப் போய்விட்டார்கள். திருத்தி முடித்த படத்தை அவள் எடுக்கவே இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக.

மறுநாள் மாலையிலிருந்து ஆரம்பித்தது.

முதலில் சமையலறையில். மேடைமேல் போன் மல்லாந்து கிடந்தது. பவுடர் அடுப்பைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் ‘டிக்’. திரும்பினாள். திரை திறந்திருந்தது. போனுக்கு மேலே விட்டம் மட்டும்தான்.

அடுத்து பஸ்ஸில். மடியில் கைப்பை. பைக்குள்ளிருந்து ‘டிக்’. எடுத்துப் பார்த்தாள். படங்களின் பக்கம் திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தாள். கட்டில்மேல் கிடந்த போனில் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. நிதானமாக. யாரோ விரலால் தள்ளுவது போல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை விருந்தாளியை வந்த கோலத்தில் எடுத்த படத்தில்.

போன் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய்தான் சொன்னது. கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் கதவைப் போய்ப் பார்த்தாள்.

சனிக்கிழமை. வெளியே நல்ல வெளிச்சம். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. பவுடர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் குட்டி.

‘டிக்.’

ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மூலை. குட்டி அந்த மூலையைப் பார்த்து நின்றாள். நுனிக்காலில். இரண்டு கையாலும் போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தாள். பெரியவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டுவோமே, அந்த உயரத்துக்கு.

மூலையில் யாரும் இல்லை.

குட்டி போனை இறக்கினாள். திறந்திருந்தது.

“தேங்க்ஸ் ஆன்ட்டி.”

பவுடரின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. சுழன்று சுழன்று அடங்கியது.

“குட்டி... யாருக்குடி தேங்க்ஸ் சொன்ன?”

“ஆன்ட்டிக்கு.”

“எந்த ஆன்ட்டி?”

“உன்ன மாதிரியே இருப்பாங்களே, அவங்க. நீ வேலை முடிஞ்சு வந்தப்ப உன் பின்னாடியே வந்தாங்களே!”

“என்ன சொன்னாங்க உன்கிட்ட?”

“அவங்க பேச மாட்டாங்கம்மா. வாயத் திறக்க முடியல. கையால காட்டுவாங்க.”

விருந்தாளிகளின் வாயை எப்படி மூடி நிறுத்துவது என்று பவுடருக்குத் தெரியும். உள்பக்கமாக ஒரு தையல். போட்டது அவள்தான். குட்டிக்கு அது தெரிய வழியே இல்லை.

“என்ன காட்டுவாங்க?”

“படத்தத் தள்ளச் சொல்வாங்க. நான் தள்ளிக்கிட்டே போவேன். எல்லார் படமும் வரும். அவங்க அழகா இருக்கற படம் மட்டும் வராது. அப்புறம் அழுவாங்க.”

“நீ... எல்லாப் படத்தையும் பாத்தியா?”

“இல்லம்மா. சிலது வரும்போது ஆன்ட்டி என் கண்ணப் பொத்திடுவாங்க.” குட்டி தோளைக் குறுக்கிக்கொண்டாள். “கை ரொம்ப ஜில்லுனு இருக்கும்.”

பவுடர் போனைப் பிடுங்கினாள். குட்டியை இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினாள். மூலையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அமைப்புகள். பாதுகாப்பு. முகப்பூட்டு.

எண் கேட்டது. அழுத்தினாள். விரல் ஈரம். தப்பு என்றது. பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

திறந்தது. அதற்குள் திரை இருண்டது.

‘டிக்.’

அவள் முகத்தைப் போனுக்குக் காட்டவே இல்லை. போன் மூலையைப் பார்த்து இருந்தது.

“அம்மா... ஆன்ட்டி கிட்ட வராங்க.”

முகப்பூட்டை அணைத்தாள். அது மட்டும் போதாது. பதிவில் இருக்கும் முகம் போக வேண்டும்.

கீழே சிவப்பு எழுத்து. முகத்தை நீக்கவா?

“அம்மா, வேண்டான்னு தலையாட்டறாங்க.”

காதோரம் குளிர்ந்தது. ஜன்னல் மூடியிருந்தது.

அழுத்தினாள்.

‘முகம் எதுவும் பதிவில் இல்லை.’

ஒன்றும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் ஒழுகும் சத்தம் மட்டும்.

“இருக்காங்களாடி?”

குட்டி முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். “காணோம்.” அப்புறம் கொஞ்சம் கோபமாக, “பாவம்மா. ஒரே ஒரு படம்தான கேட்டாங்க? நீதான பவுடர் போட்டுவிட்ட?”

இரண்டு வருடமாகச் சொல்லி வந்த பொய் அங்கே முடிந்தது. பவுடர் மகளை மடியில் போட்டுக்கொண்டு, தன் வேலை என்ன என்று சொன்னாள். குட்டி நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்பே யாரோ சொல்லி வைத்தது போல.

அதோடு ‘டிக்’ நின்றது. ஞாயிறு போனது. திங்கள் போனது. பவுடருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிற வழியில் போன் கடையில் நுழைந்தாள். பேய் என்றெல்லாம் சொல்லவில்லை. முகப்பூட்டு கோளாறு, வேறொருவர் முகத்துக்குத் திறந்தது என்றாள். பழுது பார்க்கும் பெண் போனை வாங்கிப் புரட்டினாள்.

“சாயல் ஒத்துப்போற யாராவது போன் முன்னாடி இருந்தாங்களாக்கா? அந்த நேரம் பாத்து நீங்க நம்பர் போட்டுத் திறந்திருப்பீங்க. ஓஹோ, இதுவும் நம்ம ஆளுதான்னு அந்த முகத்தையும் சேர்த்துக்கும். திரும்பத் திரும்பச் செஞ்சா அப்படி ஆகும்.”

பவுடருக்குப் பாதி பயம் இறங்கியது. இயந்திரத்தின் கோளாறுதான். நெஞ்சுக்கு மேலே நிறுத்திய போனுக்கு முன்னால் இருந்தது எந்த முகம் என்று அவளுக்குத் தெரியாதா?

“தூங்கறவங்க முகத்தக்கூடச் சேர்த்துக்குமா?”

“சேர்க்காதுக்கா. இந்த மாடல்ல கண்ணு மூடியிருந்தா நடக்காது. கண்ணத் திறந்து நேரா திரையப் பாக்கணும்.”

கடையிலிருந்து எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

நிலையத்தில் டிரைவர் அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே. போன செவ்வாக்கிழமை... என் சாயல்னு சொன்னீங்களே. அவங்களுக்கு மண்டபத்துல ஏதாவது...”

அண்ணன் துணியைக் கீழே போட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

“உனக்கு யாரு சொன்னா?”

“சொல்லுங்கண்ணே.”

“பெட்டியத் திறந்தேன். கண்ணு ரெண்டும் திறந்திருந்துச்சு. வீட்டு ஆளுங்க வர்றதுக்குள்ள நான்தான் அழுத்தி மூடினேன். உன்கிட்ட சொன்னா, வேலையில குத்தம் சொல்றேன்னு வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன்.”

“எப்படி இருந்துச்சு? வெறிச்சுப் பாத்தாங்களா?”

“இல்ல...” அண்ணன் தன் நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நிறுத்திக் காட்டினார். “இந்த இடத்தப் பாத்துக்கிட்டு. கூர்ந்து. ஏதோ நம்பர மனப்பாடம் பண்ற மாதிரி.”

வண்டிமேல் வைத்த கைப்பையைக் கூட எடுக்காமல் பவுடர் தெருவுக்கு ஓடினாள்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம் என்று, போனுக்கும் வீட்டு வாசலில் உள்ள எண் பூட்டுக்கும் அவள் வைத்திருந்தது ஒரே எண்.

குட்டி பள்ளியில் இருந்தாள். கணவன் கடலில். பட்டப்பகல். வீட்டில் யாரும் இருக்க முடியாது.

மாடிப்படி ஏறினாள்.

பூட்டில் ஆறு எண்களும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

கதவு... திறந்திருந்தது.