சகலையின் லென்ஸ்

என் சகலை மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது சின்னவன். செவ்வாப்பேட்டையில் வீடு. திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, வண்டிக்குப் போகிற சின்னச் சின்னப் பாகங்களில் கீறல், பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் தள்ளுவான். நான் கவரைப்பேட்டைக்காரன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இரண்டு பேருமே ஞாயிற்றுக்கிழமையிலும் முகூர்த்த நாளிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து என்று கிளம்பிவிடுகிறவர்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளை, இரண்டு பேரிடமும் கேமரா. ஊரும் உறவும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்குமா?

லென்ஸும் ஒன்றேதான். திருவள்ளூரில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது, ஒரே மாடல் ஜூம் லென்ஸ் இரண்டு, செகண்ட்ஹேண்ட் விலைக்குக் கிடைத்தன. மூத்தவன் என்ற உரிமையில் நான்தான் இரண்டையும் திருப்பிப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை அவன் வாய் பேசாமல் எடுத்துக்கொண்டான். மூன்று வருடம் கழிந்தது. பொறுக்கி எடுத்த என்னுடையது ஆட்டம் கண்டுவிட்டது. மிச்சமாகப் போன அவனுடையது வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது. என் எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஜூம் லென்ஸ் மூச்சு விடும். வளையத்தைத் திருப்பும்போது முன்குழாய் வெளியே நீளும், காற்றை உள்ளே இழுக்கும். திரும்பச் சுருங்கும்போது வெளியே தள்ளும். எங்கள் பக்கத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் துடைத்த பைக் சீட்டில் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். அந்த இரும்புத் தூளெல்லாம் லென்ஸுக்குள் போய், உள்ளே குழாயை நகர்த்துகிற நைலான் வளையங்களைத் தேய்த்துவிட்டது. கேமராவைக் குனிந்து பிடித்தால் லென்ஸ் தானாக நழுவி நீளும். முன்குழாயை விரலால் தொட்டால் ஆடும்.

தேய்மானம் எனக்குப் புதிதல்ல. அதற்குத்தான் மில்லில் சம்பளம் வாங்குகிறேன். எது முனகினாலும் கிரீஸ் வைப்பதுதான் ஃபிட்டர் புத்தி. அந்தப் புத்தியோடு, பேரிங்குக்கு வைக்கிற மஞ்சள் கிரீஸை ஒரு சிட்டிகை எடுத்து வந்து லென்ஸுக்குள் தடவினேன். ஒரு மாதம் வெண்ணெய் மாதிரி ஓடியது. சகலையிடம் பெருமையாகத் திருப்பிக் காட்டினேன். பிறகு கத்திரி வெயில் வந்தது. கிரீஸில் இருந்த எண்ணெய் பிரிந்து வழிந்து, வெளிச்சத்தை அளந்து விட உள்ளே திறந்து மூடுகிற மெல்லிய தகடுகளில் ஏறி, அவற்றை மூட விடாமல் ஒட்டிக்கொண்டது. ஒரு காதுகுத்து முழுக்கக் குழந்தை வெள்ளை அடித்த சுவர் போல வந்தது. பிரித்துக் கழுவினேன், திருகுகளை இறுக்கினேன். நழுவுவது நின்றது. உள் ஆட்டம் மட்டும் போகவில்லை.

உள்ளே ஆட்டம் இருந்தால் படத்தில் ஒரு பக்கம் தெளிவாக விழும், இன்னொரு பக்கம் கலங்கும். என் லென்ஸுக்கு இடது பக்கம் ஆகாது. மாமியார் வீட்டு விசேஷம் ஒன்றில் குரூப் போட்டோ எடுத்தேன். இடது பக்கம் நின்றவர்கள் எல்லோரும் மாமியாரின் அண்ணன் தம்பிகள். ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்த மாமியார், "பெரிய மாப்ள எடுத்தா எங்க ஆளுங்க மூஞ்சி மட்டும் கலங்கிப் பூடுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடி எழுந்துவிட்டேன்.

அவன் லென்ஸ் மட்டும் ஏன் தேயவில்லை? ரகசியம் ஒன்றும் இல்லை. அவன் ஜூமையே தொடுவதில்லை. வாங்கிய வாரமே வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்தி, மேலே கறுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டான். கிட்டே போக வேண்டுமென்றால் நடந்து போவான், தள்ளி எடுக்க வேண்டுமென்றால் நடந்தே பின்னால் வருவான். ஃபோகஸையும் மெஷினை நம்பாமல் கையால்தான் திருப்புவான். "எங்க வேலையில கண்ண நம்பித்தானணே எல்லாம்" என்பான். நடந்து கிட்டே போகிறவன் சும்மா போவானா? "பெரிம்மா, சாப்ட்டியா", "மாமா, மூட்டுவலி எப்டி கீது" என்று கேட்டுக்கொண்டேதான் போவான். நான் மண்டபத்து மூலையில் நின்று வளையத்தைத் திருகித் திருகி எல்லோரையும் இழுத்துக்கொண்டிருப்பேன். அவன் படத்தில் அவனைப் பார்த்துச் சிரித்த முகங்கள் இருக்கும். என் படத்தில் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியாத முகங்கள் இருக்கும். இதையும் அப்போதே கண்டேன். ஆனால் லென்ஸ்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வசதியாக இருந்தது.

போன வருடம் மச்சானுக்குக் கல்யாணம். திருவாலங்காடு பக்கத்தில் மாமியார் ஊர். மேடைக்குப் பக்கத்தில் சின்ன மாப்பிள்ளை இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மரியாதை குறையாமல், "நீங்க பந்திய எடுங்க மாப்ள, அங்கதான் கூட்டம் ஜாஸ்தி" என்றார். மூத்த மாப்பிள்ளை இலையில் விழுகிற சாம்பாரைப் படம் எடுத்தான். தாலி கட்டும்போது மேளச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

தாலி கட்டி முடிந்து அவன் சாப்பிட உட்கார்ந்தான். அவன் பையும் என் பையும் மாப்பிள்ளை அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கதவைச் சாத்தினேன். இரண்டு லென்ஸையும் கழற்றினேன். அவனுடைய டேப்பைக் கிழியாமல் உரித்து, என் லென்ஸை அதே இடத்தில் நிறுத்தி, அதே இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூடிகளையும் மாற்றினேன். மில்லில் ஷட்டவுன் நேரத்தில் கூட அவ்வளவு கவனமாக வேலை பார்த்ததில்லை. லென்ஸில் நம்பர் இருக்கும், ஆனால் என்னைச் சொந்த அண்ணன் மாதிரி நினைக்கிறவன் நம்பரையா பார்க்கப் போகிறான்?  நியாயம் கிடைத்தது போலத்தான் இருந்தது.

நல்ல லென்ஸ் கைக்கு வந்த பிறகு என் படங்களின் ஓரங்கள் தெளிந்தன. அவ்வளவுதான். நான் மூலையில் நின்றே எடுத்தேன், திருகித் திருகியே எடுத்தேன். யாரும் என்னைத் தேடி வந்து பாராட்டவில்லை. ஏழெட்டு மாதத்தில் அந்த லென்ஸின் வளையமும் லேசாக இளக ஆரம்பித்தது. அவன் பெயரும் நான் நினைத்த அளவுக்குக் கெடவில்லை. ஒன்றிரண்டு ஆல்பத்தில் ஒரு பக்கம் கலங்கியதாகக் காதில் விழுந்தபோது, அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பதை மறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் மனைவி போனை வைத்துவிட்டு, தங்கை புருஷனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறதாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டைக்குப் போனோம். கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கண்ணாடியில் முகமே மாறியிருந்தது. எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் பார்த்து, சரியாக இருந்தால்தான் அடுத்ததுக்குப் போவானாம். அது கம்பெனியில் வந்த பழக்கம். ஆனால் ஆல்பம் பெரிதாகி வரும்போது ஒரு பக்கம் கலங்கியிருக்கிறது. டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லி, லேசான பவரில் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார். இவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"லென்ஸுல கோளாறா இருக்கப் போவுது" என்று வாயை விட்டுவிட்டேன்.

"லென்ஸு என்னாணே பண்ணும், அதத் தொடவே இல்ல நானு. பாத்து பாஸ் பண்ணது நான்தான? கலங்கலா கீறது என் கண்ணுக்குத் தெர்லயே."

அதோடு விடவில்லை. போட்டோவில் தவறவிட்டவன் பாகத்தில் தவறவிட மாட்டானா, அது யார் வண்டியிலோ பிரேக்கில் போய் உட்காருமே என்று பயந்து, அவனே மேனேஜரிடம் போய்த் தன் கண் சரியில்லை, வேறு வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறான். பத்து வருடம் உட்கார்ந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். கேமரா பை பரண் மேல்.

மாமியார் திருவாலங்காட்டுக் கோயிலில் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தார். நான் முதுகு பிடித்துப் பத்து நாள் படுத்திருந்தபோது எனக்காக ஒரு சூடம் கூட ஏற்றவில்லை. அந்த நேரத்திலும் என் மனசு இதைத்தான் கணக்குப் பார்த்தது. என்ன ஜென்மம் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டேன்.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி, பரணில் இருந்த லென்ஸை வாங்கி வந்தேன். இந்த முறை கிரீஸ் டப்பாவைத் தொடவில்லை. முழுவதும் பிரித்தேன். உள்ளே ஆறு நைலான் வளையங்கள், ஒவ்வொன்றும் உளுந்து அளவு. மூன்று ஒரே பக்கமாகத் தேய்ந்து சப்பையாகியிருந்தன. மைக்ரோமீட்டரில் அளந்தேன். மில்லில் நைலான் கம்பி ஒரு துண்டு கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் போட்டுப் புதிதாகக் கடைந்தேன். முதல் நாள் மூன்றும் கெட்டுப்போயின, இரண்டாம் நாள் சரியாக உட்கார்ந்தன. சுவரில் பேப்பரை ஒட்டி எடுத்துப் பார்த்தால், நாலு மூலையிலும் எழுத்து படிக்க முடிந்தது. இரண்டு மதிய இடைவேளை. அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யச் சோம்பிப்போய்த்தான் ஒருத்தன் சாப்பிடும்போது அவன் பையைத் திறந்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்து, எடுத்துப் பார் என்றேன். அவன் பையைக் கூடத் திறக்கவில்லை. "கண்ணு இல்லாதவனுக்கு எதுக்குணே, நீங்களே வெச்சிகினு ஓட்டுங்க" என்றான். மனசாரக் கொடுத்தான். சிரித்த முகமாகத்தான் சொன்னான்.

என் பையிலிருந்து இன்னொரு லென்ஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இதுதான் உன்னுடையது என்றேன். மச்சான் கல்யாணத்தில் நான் மாற்றியதையும், டேப்பை உரித்து ஒட்டியதையும், இடது பக்கம் கலங்குவது என் லென்ஸின் நோய் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். ராகு காலம், எமகண்டம் என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதை, உட்கார்ந்த இடத்திலிருந்தே வாய்விட்டுப் படித்தான். 

"ஏய், இங்க வா, என் கண்ணு நல்லாத்தான் கீது" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

என் மைத்துனி ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவள் அழுதாள், அவன் சிரித்தான், பிறகு மாறி அவன் அழுதான். அவன் கண்ணை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நடுவில் இரண்டு லென்ஸும் கிடந்தன, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வெட்கம் வந்திருக்க வேண்டும், வந்தது. அதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. அவன் பொருளைத் திருடிய அன்று எனக்குக் கிடைக்காத சந்தோஷம், அது திருட்டுப்போனது என்று தெரிந்த அன்று அவனுக்குக் கிடைத்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க கெளம்புங்க" என்றான்.

இப்போது மறுபடியும் பூதக்கண்ணாடி மேஜைக்குப் போய்விட்டான் என்று மனைவி சொன்னாள். என்ன நடந்தது என்று அவன் வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாமியார் கண்மலர் சாத்திவிட்டு வந்து, பிரசாதக் குங்குமத்தை எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். எல்லோரும் நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். நானும் இட்டுக்கொண்டேன்.