கிளாக்கர் வரும்வரை எரிந்த தீ

பத்திநாதனுக்குத் தோட்டத்தில் இரண்டு வேலை. ஒன்று, தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், இலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளித் தீ வளர்ப்பது. மற்றது, தோட்டத்தில் எங்கே தீப்பிடித்தாலும் ஓடிப்போய் அணைப்பது. வளர்ப்பதற்குச் சம்பளம் உண்டு. அணைப்பதற்குத் தடவைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், தருவதாகத் துரை சொன்னார். சொன்னதோடு சரி.

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்திருந்த நேரம். தீயணைக்கும் கூட்டத்துக்குப் பத்திநாதன் தலைவன், அவனுக்குக் கீழே ஏழு ஆம்பிளைகள். தலைவனுக்கு ஒரு விசில். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பூசைக்கும் போவான், கக்கூசுக்கும் போவான்.

மானாப்புல்லில் தீ வந்தது, விறகுக் கொட்டிலில் தீ வந்தது. அணைத்துவிட்டு, கரி பிடித்த மூஞ்சியோடு ஆபீசுக்குப் போவார்கள். கிளாக்கர் கணேசமூர்த்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"தீ எங்க?"

"அணைச்சிட்டோமுங்க."

"அப்ப தீ இல்ல. இல்லாத தீக்கு எப்பிடிப்பா பேர் போடுறது? நான் கண்ணால பாக்கணும்."

இதைக் கேட்டுக் கேட்டுப் பத்திநாதன் ஒரு சட்டம் போட்டான். தான் பெரிய மூளைக்காரன் என்று அவனுக்கு நினைப்பு. கிளாக்கர் வந்து பார்க்கும்வரை எந்தத் தீயையும் முழுசாக அணைக்கக்கூடாது. அந்தோனியார் மேல் பாதிப் பேரும் மாரியம்மன் மேல் பாதிப் பேரும் சத்தியம் செய்தார்கள்.

அடுத்த தீ அவன் குடியிருந்த லயத்துக் காம்பராவிலேயே பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புதன்கிழமை மகள் டோரீனுக்குக் கலியாணம். அடுப்புக்கு மேலே பரணில் காயப்போட்ட விறகில் பொறி ஏறிவிட்டது. பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது அட்டனில் வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அது ஒன்றைத்தான். அதுவும் இல்லையென்றால் கலியாணமும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

விசில் ஊதினான். ஏழு பேரும் வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்து, வாசலில் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

"ஊத்துங்கடா!" என்று கத்தினாள் அவன் பெண்டாட்டி பவுலின்.

"கிளாக்கரய்யாவுக்கு ஆளு போயிருக்கு மதினி. தூங்குறாராம், எழுப்புறாங்க" என்றான் ஏழு பேரில் ஒருவனான மாயாண்டி. "அண்ணேதான் சட்டம் போட்டது."

பத்திநாதன் மெத்தையைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். தலைவனே சட்டத்தை மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்?

"ஏய்யா, ஒன்ன கட்டுனதுக்கு ஒரு வெறகுக் கட்டைய கட்டியிருக்கலாம். எரிஞ்சாவது தொலைஞ்சிருக்கும்!" என்றாள் பவுலின்.

அதற்குள் தீ தானாகவே தணியப் பார்த்தது. மாயாண்டி பதறிப்போய் ஒரு சுள்ளியை அதில் செருகினான். "ஐயா வந்து பாக்குற அளவுக்காவது இருக்க வேணாமா?"

அந்தச் சுள்ளி நன்றாகப் பற்றி, மெத்தையின் ஒரு முனையை நக்கியது. பத்திநாதன் வாளியைப் பிடுங்கி ஊற்றினான். இன்னொன்றையும் ஊற்றினான். மூன்றாவது வாளியைப் பவுலின் மாயாண்டியின் தலையில் கவிழ்த்தாள்.

தீ செத்தது. கிளாக்கர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, குடையும் கையுமாக, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"தீ எங்க?"

பவுலின் கறுத்துப்போன கூரைத் தகரத்தைக் காட்டினாள்.

"அது கரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏழு பேரும் பத்திநாதன் பக்கம் திரும்பினார்கள். "எங்க அரைப்பேர நீங்கதாண்ணே கெடுத்தீங்க. நீங்கதான் தரணும்."

சட்டப்படி அது சரிதான். கலியாணச் செலவில் கிடந்தவன் காசுக்கு எங்கே போவான்? விசிலைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"தாறோம்" என்றாள் பவுலின். "புதன்கிழம மொய் எழுதுவீங்கல்ல? அதுல கழிச்சிக்கோங்க."

ஏழு பேரும் தள்ளிப்போய்க் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள்.

"நாங்க எழுதுற மொய் அரைப்பேருக்குக் கீழதான் மதினி வரும். மிச்சம் நீங்கதான் தரணும்."

"மிச்சத்துக்கு இன்னொரு தரம் தின்னுட்டுப் போங்கடா!"

மெத்தை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், கருகிய முனை தெரியாமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஏழு பேரும் வெறுங்கையை வீசிக்கொண்டு கலியாணத்துக்கு வந்து, இரண்டு பந்தி சாப்பிட்டார்கள். மாயாண்டி மட்டும் மூன்று. தலையில் தண்ணீர் ஊற்றியதற்கு அது என்றான்.