ஃபினிஷ் என்று சொல்லும் முன்

பாகூர் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஓரிடத்தில் மண் கரைந்து சரிய ஆரம்பித்துவிட்டது. மதகைத் திறந்து தண்ணீரை வடித்தால்தான் கரை நிற்கும். மதகு ரிப்பேரோ அன்றைக்குத்தான் முடிகிற வேலை. பிரெஞ்சு இன்ஜினீயர் துரை சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் கத்திச் சொல்வது என் உத்தியோகம்.

“ஃபினி?” என்றார் துரை. முடிந்ததா என்று கேட்கிறார். இங்கிலீஷ்காரன் சொல்லும் ஃபினிஷ் தங்கள் பிரெஞ்சிலிருந்து போனதுதான் என்று பெருமையடிப்பார். அதற்கும் மூலமான லத்தீன் சொல்லுக்கு எல்லை என்று பொருளாம். தட்டில் இருப்பதை ஒழித்தாலும் ஃபினிஷ், மேஜைக்குக் கடைசி மெருகு போட்டாலும் ஃபினிஷ், ஆளைத் தீர்த்துக்கட்டினாலும் ஃபினிஷ்தானாம். நல்ல பாஷை!

எங்கள் மதகு வேலையில் வாய்வார்த்தை செல்லாது. கரைக்கு அடியில் தண்ணீர் போகும் தூம்புக்குள் இறங்குகிற கொத்தனார், தன் துண்டை வெளியே ஒரு குச்சியில் கட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து அவரேதான் அவிழ்க்க வேண்டும். துண்டு இருக்கும்வரை, தண்ணீரைத் திறக்கும் ஷட்டரை யாரும் தொடக் கூடாது.

குச்சியில் துண்டு இல்லை. திறக்கச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பக்கத்தில் நின்ற மேஸ்திரியைக் கவனித்தேன். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு.

“தலையில இருக்கறது யாருது மேஸ்திரி?”

அவர் கை தலைக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது. “மழ கொட்டுச்சேன்னு எடுத்துப் போட்டுக்கினேங்க. ஐயோ, கொத்தனார் கோவிந்தன் உள்ள கீறான்.”

ஆள் உள்ளே இருப்பதைத் துரையிடம் சொன்னேன். கரை உடைந்தால் ஊரே போய்விடும், திறக்கச் சொல் என்று கத்தினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. ஷட்டர் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி கீழே ஓடி, தூம்பு வாயில் குனிந்து தொண்டை கிழியக் கூப்பிட்டார். பாவி மனுஷன், தானும் உள்ளே புகுந்துவிட்டார். கரையில் இன்னொரு பாளம் சரிந்து விழுந்தது. துரையும் தூம்பு வாயையே எட்டிப் பார்த்தார்.

முதலில் மேஸ்திரி வந்தார். பின்னாலேயே உடம்பெல்லாம் சுண்ணாம்போடு கோவிந்தன்.

“இன்னா மேஸ்திரி, கடைசி கல்லப் பூசறதுக்குள்ள இழுத்தாந்துட்ட?”

நானும் துரையும் சேர்ந்தே சக்கரத்தைச் சுற்றினோம். கரை பிழைத்தது.

அதற்குப்பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். வேலை ஃபினிஷ் என்று எவன் வந்து சொன்னாலும், நான் முதலில் கேட்பது இதுதான்: எல்லாரும் வெளியே வந்தாச்சா?