சூடு ஆறாத நெல்

நான் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனி, நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் செய்கிறது. எங்கள் ஏசி அறையில் ஒழுங்காகக் காட்டிய மீட்டர், வெளியூர் மில்களில் தாறுமாறாகக் காட்டியது. உடனே செஞ்சியில் ஒரு அரிசி மில்லோடு கூட்டு ஆய்வுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இத்தனை இன்ஜினியர்கள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று மேலாளரிடம் கேட்டேன்.

"மீட்டரை நாம செய்யலாம். நெல்லு எப்படியெல்லாம் வரும்னு நமக்கு இன்னா தெரியும்?" என்றார்.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. குடும்பம் கிடையாது, எங்கே போட்டாலும் கிடப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அறை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை பார்க்க வருகிறவர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போவார்கள். அன்று முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை மில்லில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். மில் முதலாளி பாய்க்கு என் வயதுதான் இருக்கும். சாப்பிட்டேனா என்று தினமும் கேட்பார். அந்த ஊரில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் கோளாறைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ரோட்டில் காயப்போட்ட நெல்லை வெயிலோடு அள்ளி மூட்டை கட்டி நேராகக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சூட்டில் மீட்டர் ஈரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. அதே மூட்டை நிழலில் ஆறியதும் எண் இறங்கிவிட்டது. சோதனைக்காகச் சென்னைக்கு வந்த நெல்லெல்லாம் வழியிலேயே ஆறிப்போனது. எங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் வேலை முடிந்தது, கிளம்பு என்பார்கள். இன்னும் சோதனை பாக்கி என்று கம்பெனியிடமும் பாயிடமும் புளுகிப் பத்து நாள் ஓட்டினேன்.

பதினோராம் நாள் தொண்டூர் விவசாயி ஒருவர் டிராக்டரோடு வந்து நின்றார். இன்னொரு மில்லில் எங்கள் மீட்டரை வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "ரெண்டு நாளு காயவெச்ச நெல்லுங்க. ஈரம்னு மிஷினு சொல்லுதாம்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மூட்டைகளை இறக்குவதற்குள் அறிக்கையை அனுப்பினேன். சாயங்காலமே பாராட்டு வந்தது, கூடவே திங்கட்கிழமை திரும்பிவரச் சொல்லி உத்தரவும்.

பாயிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க கம்பெனிக்கு எங்க நெல்லு வேணும், எனக்கு நல்ல மீட்டர் வேணும். அதான் சேர்ந்தோம். உங்களுக்கு இன்னா வேணும் சார்?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பதில் என்னிடம் இருந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனேன். அவரிடம் சொன்ன பொய்களில் அதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.