சுறா எண்ணெய் குடித்த சோலார் தட்டுகள்

இது உண்மையாக நடந்தது. இங்கே குந்தியிருக்கிற இராசமலரும் சிவபாக்கியமும் சாட்சி. பூனை வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். தம்புவின் மீன் மணத்தைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

சண்டைக் காலம், தொண்ணூற்றேழு. நிலாவெளியில் றேடியோ திருத்துகிற குணரத்தினத்தின் கடை வாசலில் ஆறு சோலார் தட்டுகள் வந்து இறங்கின. பூட்டிய ஹோட்டல் ஒன்றின் கூரையிலிருந்து கழற்றி எறிந்தவை. இறக்கக்கண்டித் தம்பு அவற்றைப் பொறுக்கி, ஐந்து வருடமாக மேலே கருவாடு காயவைத்திருந்தார். கூட வந்தவள் மருத்துவிச்சி இரத்தினேஸ்வரி.

"குணண்ணை, ஆமிக்காரங்கள் மண்ணெண்ணெய் உள்ளுக்கு விடுறாங்கள் இல்லை. போன கிழமை ஒரு பிள்ளையை இருட்டில தடவித்தான் எடுத்தனான். தாய்க்கு ரத்தம் போறதுகூடத் தெரியேல்ல. பற்றரி இருக்கு, சார்ஜ் பண்ணத்தான் வழியில்லை."

எதற்கும் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிற குணரத்தினம் அதற்கு விடவில்லை. அந்த ஊரில் அது சூரிய கிரகணத்தைவிட அபூர்வம்.

கரண்ட் பார்க்கிற அவருடைய மீற்றரை ஆமிச் சென்றியில் பறித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு லொறியின் பிறேக் பல்பு. கண்ணாடி வெடித்த இரண்டு தட்டுகளை ஒதுக்கினார். மற்ற நான்கின் முதுகையும் தடவிப் பார்த்து, வயர் மூட்டில் பிடித்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, உச்சி வெயிலில் பல்பைத் தொடுத்தார். நான்கிலும் பல்பு கண் திறக்கவில்லை.

"செத்துப்போச்சு மிஸ்ஸி." அவரால் அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

"இந்த மாசம் பிள்ளை பெற இன்னும் மூண்டு பேர் இருக்கினம்," என்றபடி அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

அப்போதுதான் பூனைகள் வந்தன. நாற்பது பூனைகள். சரி, மூன்று. ஒன்று தட்டை நக்கியது. நக்கிய இடம் நீலமாக மின்னியது. குணரத்தினம் விரலால் தொட்டு மணந்தார்.

"தம்பு அண்ணை, இதுக்கு என்ன பூசினீங்கள்?"

"சுறா எண்ணெய்தான். வள்ளத்துக்குப் பூசுறமே! உப்புக்காத்தில பழுதாகாமல் வருசத்துக்கு ரெண்டு தரம். பிள்ளை மாதிரிப் பாத்தனான்."

"பிள்ளைக்குக் கண்ணை மூடிக் கட்டிப்போட்டு, பார் பார் எண்டால் எப்பிடிப் பாக்கும்?"

இரத்தினேஸ்வரி பையைத் திறந்தாள். பிரசவத்துக்குக் கை கழுவ வைத்திருந்த ஒரே சவுக்காரம்.

"முழுக்கத் தேயுங்கோ."

சுடுதண்ணி, தேங்காய்த் தும்பு, சவுக்காரம். ஐந்து வருட எண்ணெயும் உப்பும் புழுதியும் கருந்தோலாய் உரிந்தன. மறுபடி பல்பு. ஒன்று அசையவில்லை. ஒன்று மினுங்கி நூந்துபோனது. மற்ற இரண்டும் எரிந்த எரிவில் சூரியனே கையால் முகத்தை மறைத்தார். இரத்தினேஸ்வரி பல்பைப் பார்த்தபடி அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

அந்த இரண்டும் சார்ஜ் பண்ணிய பற்றரி வெளிச்சத்தில் இறக்கக்கண்டியில் முதலில் பிறந்தது இராசமலரின் மகன்...

"பொய்!" சிவபாக்கியம் எழும்பிவிட்டாள். "முதல் பிறந்தது என்ர பூரணி!"

"உன்ர பூரணி பிறக்கேக்க விடிஞ்சுபோச்சு. லைற்றை நூத்தாச்சு!" என்றாள் இராசமலர்.

"ஆர் நூத்தது? மிஸ்ஸியைக் கூப்பிடு, கேப்பம்!"

"கூப்பிடடி! அவ கையில முதல் கத்தினது ஆரெண்டு சொல்லட்டும்!"