படகு வீட்டு வாசலில் கழற்றிய செருப்பு

நசரத்பேட்டைப் பக்கம் ஒரு படகைத் தரையில் நிறுத்தி மியூசியமாக்கியிருக்கிறார்கள். நெல் ஏற்றின படகை வீடாக மாற்றி ஒரு குடும்பம் அதிலேயே வாழ்ந்ததாம். இன்று மத்தியானம் நானும் என் வீட்டுக்காரி செல்வியும் போனோம்.

வாசலிலேயே செல்வி செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"யோவ், உள்ள அடுப்பு கீது, சாமி படம் கீது. செருப்போடவா போவ?"

நானும் கழற்றினேன். புதுச் செருப்பு, பட்டாபிராமில் வாங்கியது. அந்தக் கடைக்காரர் எங்கள் சம்பந்தி ஊர்க்காரர், அது தனிக்கதை. பின்னால் வந்தவர்களும் எங்களைப் பார்த்து ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றினார்கள்.

பாய், தொட்டில், அரிவாள்மணை எல்லாம் பார்த்துக்கொண்டே மறுமுனைக்கு வந்தால், அதுதான் வெளியே போகும் வழி. செருப்பெல்லாம் முன்வாசலில். பின்னால் கூட்டம், திரும்ப முடியாது. வெளியே தரை தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. யாரும் இறங்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். செல்வி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

காவலாளி வெளியிலிருந்து ஓடி வந்தார். "இன்னா நைனா, உள்ள குடும்பம் நடத்திக்கினு கீறீங்க? செருப்ப யாரு கழட்ட சொன்னா?"

"ஊட்டுக்குள்ள வேற எப்டி வர்றது?" என்றாள் செல்வி.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே முன்வாசலுக்குப் போய், எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படகு வழியாகவே வந்து கொட்டினார். பார்த்தால் அவரும் வெறுங்காலோடு நிற்கிறார்.

"உன் பூட்ஸ் எங்க அண்ணாத்தே?" என்றேன்.

"வாசல்ல கழட்டிட்டேன். இன்னாத்துக்குனு எனக்கே தெரில."

அது வீடா, மியூசியமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. போனவர்கள் சொல்லுங்கள். அப்படியே, என் இடது கால் செருப்பு யார் காலில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். உங்களுடையது என் காலில் இருக்கிறது.